எல்லாமே பொய் என்று சொல்லும் மாணவனுக்கு என்ன பதில்?

பழைய சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த ஓர் ஊரில், அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் பஞ்சங்களைப் பற்றிப் பேசும்போது, வாட்ஸ்அப்பில் தமக்கு வந்திருந்த ஐந்து புகைப்படங்களை அவர் வகுப்பில் காட்டியிருக்கிறார். எலும்பும் தோலுமான மனிதர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் படங்கள் அவை. ‘1943 வங்காளப் பஞ்சம், சர்ச்சில் கொன்ற மக்கள்’ என்பது உடன் வந்த குறிப்பு. மறுநாள் ஒரு மாணவன், அண்ணனின் கைப்பேசியில் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, அவை வங்காளத்தில் எடுக்கப்பட்டவை அல்ல, 1876–78 பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எடுத்தவை, அதுவும் ஆட்களை அடுக்கி உட்கார வைத்து எடுத்தவை என்று சொல்லியிருக்கிறான். ஆசிரியை அவனை எல்லார் முன்னும் பாராட்டினார். பிறகு, “கண்ணால் பார்ப்பதை நம்பாதீர்கள், மூல ஆதாரத்தை மட்டும் நம்புங்கள்” என்று சொன்னார். வகுப்பில் வாக்குவாதம் முற்றியபோது, “அவரவர் கருத்து அவரவருக்குச் சரி” என்று சொல்லி முடித்துவைத்தார்.

அதன்பின் அந்த மாணவன் எந்தப் பாடத்தை எடுத்தாலும் “இதுவும் பொய்தானே டீச்சர்” என்கிறான். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொருவன், “இது ஏஐ போட்ட படமாக ஏன் இருக்கக்கூடாது?” என்று கேட்டான். ஒரு மாணவி, “படம் எடுத்தவர் அவர்களுக்குச் சோறு போட்டாரா?” என்று கேட்டபோது ஆசிரியையால் பதில் சொல்ல முடியவில்லை. வேறொரு மாணவி இரவில் தூங்கவில்லை என்று அவளுடைய தாய் பள்ளிக்கு வந்து புகார் சொன்னார். பாடநூலுக்கு வெளியே எதையும் காட்ட வேண்டாம், பகுதியை முடியுங்கள் என்று தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். நான் செய்தது தவறா, எனக்கு இதற்கு உரிமை உண்டா, பிள்ளைகளின் நம்பிக்கையை எப்படி மீட்பது, ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

தவறான குறிப்போடு ஒரு படத்தை வகுப்பில் காட்டிவிட்டோம் என்பது உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது கடிதத்தின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. அந்தப் பிழையை ஒரு மாணவன் கண்டுபிடித்தபோது அதை மறைக்காமல், அவனை அதட்டாமல், எல்லார் முன்னிலையிலும் ஏற்றுக்கொண்டீர்களே, அந்த வகுப்பில் நடந்த மிகச் சிறந்த காரியம் அதுதான். ஆகவே படத்தைப் பற்றிய குற்ற உணர்வை விட்டுவிடுங்கள். நான் கவலைப்படுவது அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான். நல்ல எண்ணத்தோடு சொன்னவை என்றாலும், இன்று நீங்கள் எதிர்கொள்ளும் சிக்கல் அவற்றிலிருந்தே கிளைத்திருக்கிறது. சந்தேகப்படுவதற்கு அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எழுந்த சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதை அவர்களுக்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

படம் மாறியதால் பஞ்சம் இல்லையென்று ஆகாது

உங்களுக்கு வந்த அந்தச் செய்தியில் மூன்று கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. இவர்கள் பட்டினியால் வாடியவர்கள் என்பது ஒன்று. இது 1943-ல் வங்காளத்தில் எடுத்த படம் என்பது இரண்டு. அதற்கு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் பொறுப்பு என்பது மூன்று. உங்கள் மாணவன் உடைத்தது இரண்டாவதை மட்டுமே. முதலாவது அப்படியே நிற்கிறது. மூன்றாவது, இந்தப் படத்தை வைத்து நிறுவவோ மறுக்கவோ முடியாத, வேறு ஆவணங்களைக் கொண்டு தனியாக விவாதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் யாரும் பிரித்துக் காட்டாததால், ஒன்று உடைந்தவுடன் மூன்றும் உடைந்துவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். பதின்மூன்று வயதுப் பையன் மட்டுமல்ல, பெரியவர்களும் இப்படித்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே உங்கள் முதல் வேலை, அந்தச் செய்தியைக் கரும்பலகையில் அப்படியே எழுதி, அதில் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்வது.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் உண்மையாகவே நடந்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அந்தப் பஞ்சத்துக்கு உரிய உண்மையான படங்களும் இருக்கின்றன. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22-ஆம் தேதி தெருவில் விழுந்து கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. புகைப்படக் கலைஞர் சுநீல் ஜானா எடுத்த படங்கள் இருக்கின்றன. ஓவியர் சித்தப்பிரசாத் 1943 நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று வரைந்த கோட்டோவியங்கள் நூலாக வந்தபோது, அரசு அந்த நூலைப் பறிமுதல் செய்து அழித்தது. கையால் வரைந்த ஒரு படத்தை அரசு அழிக்க நினைத்தது ஏன் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். அந்த மாணவனிடம், “நீ கண்டுபிடித்தது சரி, இப்போது வங்காளப் பஞ்சத்துக்கு உண்மையான படம் எது என்று கண்டுபிடி” என்று சொல்லுங்கள். பொய்யைப் பிடித்ததோடு நின்றுவிட்ட அவனுடைய வேலை அப்போதுதான் முழுமை பெறும்.

அடுக்கி உட்கார வைத்தால் பொய்ப் படமா?

வில்லோபி வாலஸ் ஹூப்பர் படமெடுத்த காலத்தில் கேமரா முக்காலியின் மேல் நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகட்டைத் தயார் செய்ய வேண்டும். எதிரில் இருப்பவர்கள் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். அக்காலத்தில் மனிதர்களை எடுத்த படம் ஏறத்தாழ எல்லாமே ஒழுங்குபடுத்தி எடுத்த படம்தான். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய ஸ்டுடியோ படங்களில் தாத்தாவும் பாட்டியும் விறைத்து உட்கார்ந்திருப்பதும் ஒருவர் உட்கார வைத்ததால்தான். அதற்காக அவர்கள் நம் தாத்தா பாட்டி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஒழுங்குபடுத்தியதால் எது மாறியிருக்கும், எது மாறியிருக்க முடியாது என்று கேளுங்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், பின்னால் எதை வரவிடாமல் செய்தார்கள் என்பவை அதிகாரியின் கையில் இருந்தவை. ஆகவே இவர்கள் ஒரே குடும்பம் என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் துருத்தி நிற்கும் விலா எலும்புகளையும் குச்சியாகிவிட்ட கைகால்களையும் எந்தப் படப்பிடிப்பாளரும் ஏற்பாடு செய்துவிட முடியாது. எதுவரை நம்பலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கோடு போடும் இந்தப் பழக்கத்தைத்தான் நாம் கற்பிக்க விரும்புகிறோம். ‘கண்ணால் பார்ப்பதை நம்பாதே’ என்ற வாக்கியம் அந்தக் கோட்டைப் போட விடாமல் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறது.

சோறு போட்டாரா என்று கேட்ட மாணவியை நான் மனமார வாழ்த்துகிறேன். படத்தின் சட்டகத்துக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்திருக்கிறாள். உங்களால் உடனே பதில் சொல்ல முடியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தப் பதில் அந்தப் படத்துக்குள் இல்லை. அவளிடம் அதையே சொல்லுங்கள். அதோடு, எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: அவர் எழுதியவை, அக்காலச் செய்தித்தாள்கள், உடன் இருந்தவர்களின் குறிப்புகள். இதே ஹூப்பர் 1886-ல் பர்மாவின் மண்டலேயில், மரண தண்டனை பெற்றவர்கள் சுடப்படும் கணத்தைப் படமாக்கினார் என்ற புகாரில் விசாரணைக்கு உள்ளானவர். இதைச் சொன்னவுடன் வகுப்பு, “அப்படியானால் பஞ்சத்திலும் அவர் இரக்கமில்லாமல்தான் நடந்திருப்பார்” என்று பாயும். அப்போது ஒரு கணம் நிறுத்துங்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் செய்தது, அவரை நாம் கூர்ந்து கவனிக்கக் காரணமாகலாம். முன்பு நடந்த ஒன்றுக்கு அது சான்று ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படமா என்ற கேள்விக்கும் விடை இதே வழியில்தான் இருக்கிறது. விரல்களை எண்ணிப் பார், நிழலைப் பார் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும் உத்திகள் நாளைக்கே பயனற்றுப் போய்விடும். இந்தப் படம் முதலில் எங்கே வெளிவந்தது, மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது, அதைப் பற்றி வேறு யார் அப்போதே எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எக்காலத்துக்கும் உதவும்.

மூல ஆதாரமும் ஒருவர் எழுதியதுதான்

“மூல ஆதாரத்தை மட்டும் நம்புங்கள்” என்ற உங்கள் இரண்டாவது அறிவுரையையும் மென்மையாகத் திருத்த விரும்புகிறேன். பாடநூல் சார்புடையது, ஆவணம் தூய்மையானது என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது. ஹூப்பர் படமெடுத்த அந்த 1876–78 பஞ்சத்தை நம் ஊர்களில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள்; அதன் ஆவணங்களே இதற்கு மறுப்பு.

1877-ன் தொடக்கத்தில், செலவைக் கட்டுப்படுத்தும்படி அன்றைய ஆங்கிலேய இந்திய அரசு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற உயர் அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. நிவாரண வேலையில் நாள் முழுதும் கல் உடைத்து மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு) போதும் என்று அவர் முடிவு செய்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உடலுழைப்புச் செய்பவருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்தில் எதிர்த்தார். இருவரும் அதிகாரிகள், இருவர் எழுதியதும் மூல ஆவணம், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. மூல ஆதாரத்தை மட்டும் நம்பு என்றால் பிள்ளைகள் இவற்றில் எதை நம்புவார்கள்?

இதை வகுப்பில் செய்து பார்க்க உங்கள் பள்ளியிலேயே எல்லாம் இருக்கிறது. சத்துணவு மையத்தின் தராசை ஒரு பாடவேளைக்குக் கேட்டு வாங்குங்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அந்த அளவு அரிசியை ஒரு முறத்தில் கொட்டி மேசைமேல் வையுங்கள். உங்கள் பகுதியில் கேழ்வரகும் சேர்த்து வைப்பது பொருத்தம். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு மதிய உணவுத் திட்டத்தில் ஒரு வேளைக்கு ஒதுக்கப்படும் தானியம் 150 கிராம். பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டு, “மூன்று வேளைக்குச் சரியாகத்தானே இருக்கிறது டீச்சர்” என்பார்கள். டெம்பிள் சொன்னது நியாயம் என்று வகுப்பில் பாதிப்பேர் கை தூக்குவார்கள். தூக்கட்டும். அவசரப்பட்டு மறுக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த 150 கிராமோடு உங்கள் தட்டில் வேறு என்ன இருக்கிறது? பருப்பு, காய்கறி, முட்டை. அந்த மனிதர்களுக்கு அவை கிடைத்தனவா? ஓர் அணாவில்தான் உப்பு, புளி, விறகு எல்லாம் வாங்க வேண்டும். பஞ்சத்தில் விலை ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா? நீங்கள் பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்கள் வெயிலில் என்ன வேலை செய்தார்கள்? ஏற்கெனவே பல மாதம் பட்டினி கிடந்த உடலுக்கு இது போதுமா? இப்போது மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். முதலில் எடுத்த முடிவைப் புதிய தகவலின் பேரில் தாமே மாற்றிக்கொள்வது தோல்வியல்ல என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே உணரும் இடம் இது. என் அனுபவத்தில், எத்தனை விளக்கம் சொன்னாலும் வராத தெளிவு, அளந்து பார்க்கும்போது வந்துவிடுகிறது. அரிசியை மறக்காமல் சமையலறைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வருவது இன்னும் நுட்பமானது. 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து மக்களைக் காப்பாற்றியவரும் இதே டெம்பிள்தான். அப்போது அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார் என்று மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானார். மூன்றே ஆண்டுகளில் அதே மனிதர் ஒரு பவுண்டு போதும் என்று எழுதுகிறார். ஆவணத்தை வாசிக்கும்போது, எழுதியவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருந்தார் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் ‘அவரவர் கருத்து அவரவருக்குச் சரி’ என்ற வாக்கியம் பெருந்தீங்கு செய்கிறது. டெம்பிளின் கருத்து டெம்பிளுக்குச் சரி, கார்னிஷின் கருத்து கார்னிஷுக்குச் சரி என்று வகுப்பை முடித்தால், இறந்தவர்களைப் பற்றி நாம் எதுவும் சொல்ல மறுத்தவர்கள் ஆகிறோம். பிள்ளைகளின் பேச்சுரிமைக்கு மதிப்புக் கொடுக்கும் எண்ணத்தில் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்று அறிவேன். கருத்துச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் சமம். கருத்துகளின் வலிமை சமம் அல்ல. எது அதிகச் சான்றுகளுக்கு ஈடு கொடுத்து நிற்கிறதோ அதுவே வலியது. இதை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லுங்கள். அன்று முடித்துவைத்த விவாதத்தை மீண்டும் திறந்து, “நான் அன்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்” என்றும் சொல்லிவிடுங்கள். படத்தின் பிழையை ஏற்றுக்கொண்ட உங்களுக்கு அது கடினமாக இராது.

ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளும் சேலத்தின் கணக்கும்

ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாது என்று எழுதியிருக்கிறீர்கள். முழு ஆவணத்தையும் யாரும் வகுப்பில் வாசிப்பதில்லை. இரண்டு மூன்று வாக்கியங்களை நீங்களே எளிய தமிழில் எழுதிக்கொண்டு போனால் போதும். இது என் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. 1881-ல் அது 15,99,595. 1891-ல் 19,62,591. இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, வேறெதுவும் சொல்லாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பத்து ஆண்டில் 3,67,400 பேர் குறைந்திருக்கிறார்கள், ஏறத்தாழ 19 விழுக்காடு. இருபது ஆண்டுக்குப் பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தவுடன், “மூன்றே முக்கால் லட்சம் பேர் பட்டினியால் செத்துப்போனார்கள்” என்றும் எழுதிவிடுவார்கள். அது இந்த எண்களிலிருந்து கிடைக்கும் முடிவு அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் போனவர்கள் இதில் கழிந்திருக்கிறார்கள். பஞ்சத்தில் பிறக்காமலே போன குழந்தைகள் இருக்கிறார்கள். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய மக்கள்தொகை இருக்கிறது; அதைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். இறந்தவர்களிலும் பசியில் இறந்தவர்கள், காலராவிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் என்று பிரிவு உண்டு. ஆக, எண் பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவும் இல்லை. 1871 கணக்கெடுப்பின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவரும் அதே கார்னிஷ்தான் என்ற தகவலைச் சொன்னால், பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் இன்னும் நெருங்கி வரும்.

ஓர் எச்சரிக்கை. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் அல்ல. தருமபுரி 1965-லும், நாமக்கல் 1997-லும், கிருஷ்ணகிரி 2004-லும் தனி மாவட்டங்கள் ஆயின. இன்றைய சேலத்தின் மக்கள்தொகையைப் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் பிழையாகிவிடும். பழைய வரைபடத்தில் தங்கள் ஊர் எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்று தேடுவதையே ஒரு செயல்பாடாக்கலாம். 1883-ல் லெஃபானு என்ற அதிகாரி தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இதற்கு உதவும். தமிழிலும் சான்றுகள் இல்லாமல் இல்லை: தாது வருஷப் பஞ்சத்தைப் பாடும் கும்மிப் பாடல்கள் இருக்கின்றன, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் வழிவழியாக வந்த கதை ஏதாவது கிடைக்கும். பாட்டனுக்குப் பாட்டன் சொன்னது நம்மிடம் வருவதற்குள் என்னென்ன மாறியிருக்கும் என்ற கேள்வியை அங்கேயும் மறக்காமல் கேளுங்கள். தாது வருஷம் 1877 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, பஞ்சம் முடியவில்லை. பெயர் மட்டும் முதல் ஆண்டுக்கே நின்றுவிட்டது என்பதையும் ஒரு மாணவன் பழைய பஞ்சாங்கக் கணக்கைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

பயந்த குழந்தையும் தலைமையாசிரியரும்

உங்கள் உரிமை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பொருந்தும். அதன் 29(2) பிரிவு, செயல்பாடுகளாலும் கண்டறிதலாலும் தேடலாலும் கற்பதைச் சொல்கிறது. ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பது அரசியலமைப்பின் 51அ பிரிவு வகுக்கும் கடமைகளில் ஒன்று. ஆகவே பாடத்தோடு தொடர்புடைய ஓர் ஆவணத்தையோ படத்தையோ கொண்டுவருவது வரம்பு மீறல் ஆகாது. ஆனால் அதே 29(2) பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் மன அதிர்ச்சியிலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்றும், தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. 24-ஆம் பிரிவு, பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடிப்பதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது. அந்தத் தாயின் பக்கமும், தலைமையாசிரியரின் பக்கமும் இருக்கிறது. சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு போய் வாதாட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அந்தத் தாயின் புகாரில் நியாயம் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் ஐந்து படங்களை அடுத்தடுத்துக் காட்டியது பதின்மூன்று வயதுக்கு அதிகம். அவரை அழைத்து, மகள் தூங்கினாளா என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த பாடத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தொடர்ந்து உறக்கம் கெட்டால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனி இப்படிச் செய்யலாம். புகைப்படத்துக்கு முன்னால் அரிசியும் எண்களும் வரட்டும். படம் என்றால் ஒன்றே ஒன்று போதும்; அதையும் என்ன படம் என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள், பார்க்க விரும்பாதவர்கள் தலையைக் குனிந்துகொள்ள அனுமதியுங்கள். இந்த வகுப்புக்கு ஹூப்பரின் படங்களைவிட, பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் மக்களைக் காட்டும், லண்டன் பத்திரிகை ஒன்றில் 1877 அக்டோபரில் வந்த செதுக்குச் சித்திரம் பொருத்தமானது. ஓர் அட்டையில் சிறு சன்னல் வெட்டி அதன்மேல் நகர்த்தி, முதலில் ஒரு மூலையை, பிறகு இன்னொரு மூலையை, கடைசியில் முழுவதையும் காட்டுங்கள். ஒவ்வொரு நகர்விலும் பிள்ளைகளின் ஊகம் எப்படி மாறுகிறது என்று கரும்பலகையில் குறித்துவாருங்கள். படத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் அடிக்கக் கை ஓங்க வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாத குழந்தைகள் சிரிப்பார்கள். “இவர்களுக்குப் பெயர் இருந்தது, நமக்குத் தெரியவில்லை” என்று ஒரு வரி சொன்னால் போதும்.

தலைமையாசிரியருக்கு வேண்டியது, புகார் வராமல் பகுதி முடிவது. அவரிடம் எழுத்தில் உத்தரவு கேட்டு முறுக்கிக்கொள்ள வேண்டாம். அது கசப்பைத்தான் வளர்க்கும். ஒரு பக்கத்தில் பாடத்திட்டம் எழுதி, எந்தப் பாடத்தின் எந்தப் பகுதிக்கு, எத்தனை நிமிடம், என்ன பொருள் என்று முன்கூட்டியே காட்டிக் கையொப்பம் பெறுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். இதையே வளரறி மதிப்பீட்டுச் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) செயல்பாடாகக் காட்டினால் தனி நேரமும் தேவைப்படாது. கைப்பேசியில் வரும் செய்தியை, மூலம் தெரியாமல் வகுப்புக்கோ பெற்றோர் குழுவுக்கோ அனுப்புவதை மட்டும் அடியோடு நிறுத்திவிடுங்கள். அரசு ஊழியர் என்ற முறையில் அதில் உங்களுக்கு இருக்கும் ஆபத்து, பிழையான படத்தோடு முடிவதில்லை.

அந்த மாணவனுக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். அவன் பொய் என்று கண்டுபிடித்த அதே படத்துக்கு, சரியான குறிப்பை அவனே எழுதட்டும். மூன்று வரி போதும்: இந்தப் படத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது என்ன, அது எப்படித் தெரிந்தது, இன்னும் தெரியாதது என்ன. மூன்றாவது வரியைக் காலியாக விட்டாலும், முதல் வரியைக் காலியாக விட்டாலும் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் மதிப்பெண் போட்டு, வகுப்பின் சுவரில் ஒட்டுங்கள்.